நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

சீட்டுக்கட்டு அகலம்தான் பலகை.
தலைமேல் நாற்பது முள்ளில் ஓர் ஒலி அட்டை.
மெமரி கார்டில் எல்லாம் ஏற்றி
பழைய செல்போன் சார்ஜரில் சொருகினால்
வோல்ட் பத்தலை, வோல்ட் பத்தலை என்று
மூணு நாள் முரண்டு.
எம்பிராய்டரி மெஷின் போர்டு சர்வீஸ் பார்க்கிற கை,
இதுக்குப் போய்த் தோற்குமா.
நல்ல சார்ஜர் வந்ததும்
பச்சை.

அறையை அளக்கணும் இனி.
சோமனூரில் எங்கள் வீட்டுக்கு
கிழக்கே பன்னிரண்டு தறி,
தெற்கே எட்டு,
மேற்கே எத்தனை என்று
வரி போட வந்தவருக்கே தெரியாது.
மைக்கை நடுவில் நிறுத்தி
இருபதில் தொடங்கி இருபதாயிரம் வரை
ஒரு சீழ்க்கையை ஏற்றினால்
வரைபடம் முழுக்கத் தறி.
ராத்திரி ரெண்டு மணிக்கும் தறி.

அமைதி வேணுமென்றால் கரண்ட் போகணும்.
கரண்ட் போனால்
பலகை எதில் ஓடும்?

மாசம் ஒருக்கா பராமரிப்புக்கு நிறுத்துவார்கள்,
ஒன்பதிலிருந்து நாலு வரை.
கோழிக்கடை நாச்சிமுத்துவிடம்
இன்வெர்ட்டரை இரவல் வாங்கி வெச்சுக் காத்திருந்தேன்.
ஒன்பது அடித்து ரெண்டு நிமிஷம்.
கிழக்கே நின்றது.
தெற்கே நின்றது.
மேற்கே ஒரு தறி மட்டும் இழுத்து இழுத்து ஓடி
நாடா பாதி வழியில் நின்றது.

எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறதென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

ஐம்பதில் ஒரு முள்: இன்வெர்ட்டர் உறுமல்.
எல்லா ஒயரையும் ஒரே பிளக்கு வரிசைக்கு மாற்ற
மழுங்கியது.
அறுபத்து மூணில் ஒரு மேடு.
ஒன்பதடிச் சுவருக்கும் சுவருக்கும் நடுவே
அந்த ஒரு சத்தம் மட்டும் முட்டி முட்டி வீங்கி
பீரோ கதவைப் பல் கடிக்க வைக்கிறது.
எட்டு டெசிபல் குறைத்தேன்.
பீரோ வாயை மூடியது.

"ஏனுங், வந்து சித்த கேளுங்க."
தெய்வசிகாமணி வந்து உட்கார்ந்தார்.
இருபத்தாறு வருஷம் தறி ஓட்டினவர்.
"நல்லாத்தான் இருக்குது" என்றார்.
உப்பில்லாத ரசத்துக்கும்
இதே சொல்தான்.

மூடின பீரோவுக்குள்
அவிநாசி முகாமில் கொடுத்த காகிதம் இருக்கிறது.
ரெண்டு காதுக்கு ரெண்டு கோடு.
நோயென்று மடித்து வெச்சிருந்தேன்.
பிரித்தால், இதுவும் வரைபடம்தானே.
ரெண்டும் சமதரையாய் வந்து
நாலாயிரத்தில்
கிணற்றில் விழுந்த மாதிரி விழுகின்றன.

பள்ளத்தில் மண் போடுவதற்கு முன்னால்
அதே பள்ளத்தை
அப்படியே பலகைக்குள் வெட்டினேன்.
என் குரலைப் பதிந்து
ஹெட்போனில் போட்டுக்கொண்டேன்.
சசிரேகா பேசறேன், சோத்துக்குத் தயிர் ஊத்தட்டா.
ச இல்லை. த இல்லை.
என் பேரில்
ரே மட்டும் நிற்கிறது.
சோறு ஓவாகிப் போயிற்று.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று
எத்தனை தடவை தட்டத்தை நங்கென்று வெச்சிருப்பேன்.
நங் மட்டும் கேட்டிருக்கும்.

பொறவு மேடு போட்டேன்.
முழுசாய் நிரப்பினால் காது தாங்காது,
பாதிக்கும் குறைவாய்.
மைக் என்று ஓர் அமைப்பு.
அவர் என்று இன்னொன்று.
அவர் எனக்கு
தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறது.
அவருக்கு?
பஜனைப் பாட்டு பாதியில்
கையைத் தூக்கினார்.
"இதுல ஜால்ரா இருக்குதா?"
"முதல்லிருந்தே இருக்குதுங்."
"நிறுத்தாத."

மூணு ஐம்பத்தெட்டுக்கே கரண்ட் வந்துவிட்டது.
மேற்கே பாதி வழியில் நின்ற நாடா
மீதி வழி போனது.
பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு.
ஜால்ராவைத் தறி மூடியது.

அவர் ஷிப்டுக்குச் சட்டை மாட்டினார்.
ரப்பர் காதடைப்பான் ஒரு ஜோடி,
ஒலி அட்டையோடு சேர்த்து வாங்கியது,
நீட்டினேன்.
வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.